மைனஸ் 40 டிகிரியில் ஒரு கார்: வாசகர் கேள்வி பதில்

போன முறை கூலன்ட் சென்சாரைப் பற்றி, அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதன் தம்பியைப் பற்றித்தான் புகார். என்ஜினுக்குள் போகிற காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் அது. ஒர்க்‌ஷாப்பில் ஐ.ஏ.டி. என்போம். தீக்குச்சித் தலை அளவு மணி ஒன்று, அதிலிருந்து இரண்டு ஒயர், சாமான் அவ்வளவுதான். நான் கார்புரேட்டர் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். அப்போது குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'சூடா இருக்கு' என்றால் முடிந்தது. இன்று அந்தத் தீக்குச்சித் தலை என்ன சொல்கிறதோ அதை இசியூ, அதாவது என்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர், வேதவாக்காக எடுத்துக்கொள்கிறது. ஒரே மாதிரி இருந்த கடிதங்களைச் சேர்த்துக் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஞாயிற்றுக்கிழமை நானே ஏர் ஃபில்டர் மாற்றினேன். மறுநாளே செக் என்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. ஸ்கேன் செய்ததில் பி0113 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தது. காற்றின் வெப்பம் மைனஸ் 40 என்று காட்டுகிறது. சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். நான் எதையாவது உடைத்துவிட்டேனா?

உடைத்திருக்க மாட்டீர்கள். செருக மறந்திருப்பீர்கள். ஃபில்டர் பெட்டியின் மூடியைத் தூக்கும்போது குறுக்கே நிற்கிற கனெக்டரைப் பிடுங்கி ஓரமாக விடுவோம். திரும்ப மூடியைப் போட்டு கிளிப்புகளை அழுத்துகிற மும்முரத்தில் அது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். பாதி செருகியிருந்தாலும் இதே கதைதான், 'க்ளிக்' சத்தம் கேட்க வேண்டும். பானட்டைத் திறந்து அதை முதலில் பாருங்கள். நூற்றுக்கு எத்தனை கார் என்று கணக்கு வைத்ததில்லை, ஆனால் ஃபில்டர் மாற்றிய மறுநாள் இந்தக் கோடோடு வரும் வண்டிக்கு நான் கருவிப்பெட்டியே திறப்பதில்லை.

அந்த மைனஸ் 40 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். இசியூ தன் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை சென்சாருக்கு அனுப்புகிறது. சென்சாரின் மறுமுனை இசியூவின் எர்த்துக்குத் திரும்புகிறது. காற்று சூடானால் சென்சாரின் மின்தடை குறையும், அந்த ஒயரில் வோல்ட் இறங்கும். காற்று குளிர்ந்தால் மின்தடை கூடும், வோல்ட் ஏறும். சாதாரணமான ஒரு நாளில் ஏறத்தாழ 1.5-லிருந்து 3.5 வோல்ட்டுக்குள் எங்காவது நிற்கும். ஒயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ 5 வோல்ட் இறங்க வழியில்லாமல் அப்படியே நிற்கிறது. அதைப் பார்த்து இசியூ, இதைவிடக் குளிர்ந்த காற்று கிடையாது என்று முடிவு கட்டுகிறது.

அது ஏன் சரியாக 40? ஸ்கேனருக்கு இந்த வெப்பத்தைச் சொல்ல ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரையிலான ஓர் எண். வருகிற எண்ணிலிருந்து 40-ஐக் கழித்தால் செல்சியஸ். எண் 0 என்றால் மைனஸ் 40. அதற்குக் கீழே சொல்ல அந்த முறையில் இடமே கிடையாது. ஸ்கேனரை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றிப் பார்த்தாலும் அதே மைனஸ் 40 தான் வரும், இரண்டு அளவுகளும் சந்திக்கிற புள்ளி அது. ஆகவே மைனஸ் 40 என்று பார்த்தால் வெப்பம் என்று படிக்காதீர்கள், 'எங்கோ ஒயர் விட்டுப்போயிருக்கிறது' என்று படியுங்கள்.

இன்னொரு குழப்பம். பி0113-க்கு 'ஹை இன்புட்' என்று ஸ்கேனர் விளக்கம் போடும். காற்று அதிகச் சூடு என்று நினைத்துக்கொண்டு ரேடியேட்டரைக் கழுவியவர்களை எனக்குத் தெரியும். அங்கே 'ஹை' என்பது வோல்ட். பி0112 அதற்கு நேர் எதிர். வோல்ட் தரையோடு தரையாக இருக்கும், ஸ்கேனரில் 120, 140 என்று பறக்கும். எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள்.

கனெக்டர் ஒழுங்காக இருந்தும் 0113 போகவில்லை என்றால், சென்சார் வாங்குவதற்கு முன் இரண்டு நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. இக்னிஷன் ஆன், என்ஜின் ஆஃப். கனெக்டரைக் கழற்றி, ஒயரிங் பக்கத்தின் இரண்டு பின்களையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். ஸ்கேனரில் எண் மைனஸ் 40-லிருந்து ஒரே தாவாக 120-க்கு மேல் போனால் ஒயரும் இசியூவும் நல்லவை, குற்றவாளி சென்சாரேதான், அல்லது அதன் கனெக்டர் பின். எண் அசையவில்லை என்றால் எத்தனை புது சென்சார் மாட்டினாலும் அசையாது, ஒயரைத் தேடுங்கள். 0112 வந்தால் இதையே திருப்பிச் செய்ய வேண்டும். வெறுமனே கனெக்டரைக் கழற்றுங்கள். எண் மைனஸ் 40-க்கு விழுந்தால் சென்சார் உள்ளுக்குள் ஷார்ட். விழாவிட்டால் ஒயர் எங்கோ உரசி எர்த்தைத் தொடுகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள். இந்த ஒயர் வித்தை இரண்டு பின் கனெக்டருக்கு மட்டும். பல கார்களில் ஐ.ஏ.டி. தனியாக இருக்காது. காற்றின் அளவைப் பார்க்கும் மாஃப் சென்சாருக்குள்ளேயே இருக்கும், பெரும்பாலும் 5 பின். இல்லையென்றால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில், அங்குள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரோடு சேர்ந்து 4 பின்னாக இருக்கும். அவற்றில் ஒரு பின்னில் பேட்டரி வோல்ட் இருக்கலாம், இன்னொன்றில் மற்ற சென்சார்களும் பங்கு போடுகிற 5 வோல்ட் இருக்கலாம். குருட்டாம்போக்கில் இணைத்தால் இசியூவுக்கே உலை வைத்த மாதிரி ஆகிவிடும். ஒயரிங் படம் பார்த்து, இரண்டு பின் எவை என்று உறுதி செய்துகொண்டு, வெறும் ஒயருக்குப் பதில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை வையுங்கள். 20 டிகிரிக்கு 2.5 கிலோ ஓம் காட்டுகிற வகை சென்சார் உள்ள காரில் ஸ்கேனர் 23 டிகிரி அளவில் நிற்கும். நான் இப்போதெல்லாம் இரண்டு பின்னுக்கும் ரெசிஸ்டரைத்தான் வைக்கிறேன். கை பழகிவிட்டது.

கேள்வி: சார், ஆறு மாதத்தில் இரண்டு ஐ.ஏ.டி. சென்சார் மாற்றியாகிவிட்டது. விளக்கு ஒரு வாரம் அணைந்திருக்கும், மேடு பள்ளத்தில் ஓட்டினால் திரும்ப எரியும். மழை பெய்த மறுநாள் காலையில் ஸ்கேனரில் சம்பந்தமில்லாத எண் வருகிறது, வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது. மூன்றாவது சென்சார் வாங்கட்டுமா, அசல் கம்பெனி சாமானாக?

வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் இதே தப்பை நான் செய்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியரின் கார். அவ்வப்போது விளக்கு எரியும், கோடு ஐ.ஏ.டி. என்று சொல்லும். நான் சென்சாரை மாற்றினேன். பத்து நாளில் திரும்ப வந்தார். புது சாமானே ஃபால்ட் என்று சொல்லி இன்னொன்று போட்டேன். மூன்றாம் முறை வந்தபோது அவர் ஒரு வார்த்தையும் கோபமாகப் பேசவில்லை. 'கோடு சென்சாரின் பேரைச் சொல்கிறதா, சர்க்யூட்டின் பேரைச் சொல்கிறதா?' என்று மட்டும் கேட்டார். எடுத்துப் பார்த்தேன். சர்க்யூட் என்றுதான் எழுதியிருந்தது. இலக்கணம் எடுக்கிறவர், சும்மா விடுவாரா.

அன்று அவரையே டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, ஸ்கேனரின் லைவ் டேட்டாவைப் பார்க்கச் சொன்னேன். நான் பானட்டுக்குக் கீழே ஒயரிங்கை அங்குலம் அங்குலமாக வளைத்து, இழுத்து, முறுக்கிக்கொண்டு வந்தேன். கனெக்டரிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒயர் காற்றுக் குழாயைச் சுற்றி வளைகிற இடத்தைத் தொட்டதும் 'இப்போ! இப்போ!' என்று கத்தினார். 34, மைனஸ் 40, 34, மைனஸ் 40. வெளியே பிளாஸ்டிக் உறையில் கீறல்கூட இல்லை, உள்ளே செம்பு இழைகள் அறுந்து தொட்டும் தொடாமலும் நின்றிருந்தன. ஒவ்வொரு முறை சென்சார் மாற்றியபோதும் நான் அந்த இடத்தை அசைத்து, தற்செயலாக இழைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதனால்தான் 'சரியாகிவிட்டது'. இரண்டு சென்சாருக்கும் அவரிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தேன்.

உங்கள் காரிலும் இதைச் செய்யுங்கள், இரண்டு பேர் வேண்டும். எண் வெப்பம் மாறுகிற வேகத்தில்தான் மாற வேண்டும். காற்று ஒரு நொடியில் 70 டிகிரி குளிராது. லைவ் டேட்டாவில் செங்குத்தாக ஒரு தாவல் தெரிந்தால் அது காற்று செய்த வேலையே இல்லை. இப்படி விட்டு விட்டு வருவதற்கென்றே பி0114 என்று தனிக் கோடு இருக்கிறது, ஆனால் எல்லா காரும் அதைப் போடுவதில்லை.

மழைச் சமாச்சாரம் இன்னும் சுவாரஸ்யம். கனெக்டரில் இரண்டு விதமான கோளாறு வரும், இரண்டும் எதிரெதிர் நேரத்தில் பல்லைக் காட்டும்.

முதலாவது, பின்னில் பச்சை பூத்துப்போய் மின்தடை கூடுவது. சென்சாரோடு வரிசையில் ஒரு 1 கிலோ ஓம் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் நல்ல சென்சார் 1.7 கிலோ ஓம். இப்போது இசியூவுக்குத் தெரிவது 2.7. அதை அது 18 டிகிரி என்று படிக்கும். 12 டிகிரி வித்தியாசத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் காற்று 80 டிகிரிக்குப் போகும்போது சென்சாரின் மின்தடை வெறும் 0.32 கிலோ ஓம். அதோடு 1 சேர்ந்தால் 1.32. இசியூ 37 டிகிரி என்று படிக்கும். காலையில் நல்ல பிள்ளை, என்ஜின் சூடானதும் 40 டிகிரிக்கு மேல் குறைத்துப் பொய் சொல்லும்.

இரண்டாவது, கனெக்டருக்குள் ஈரம் புகுந்து இரண்டு பின்னுக்கும் நடுவே மெல்லிய கசிவுப் பாதை உண்டாவது. இங்கே கூடுதல் மின்தடை பக்கத்தில் இணையாக நிற்கிறது. கசிவு 5 கிலோ ஓம் என்றால், 0 டிகிரியில் 5.9 ஆக இருக்க வேண்டியது 2.7 ஆகத் தெரியும், 18 டிகிரி என்று சொல்லும். 80 டிகிரியில் அதே கசிவு சென்சாரின் 0.32-ஐ 0.30 ஆக்கும், இரண்டு டிகிரி அளவுதான் தப்பும். அதாவது ஈரம், குளிர்ந்த நேரத்தில் எண்ணைக் கூட்டிக் காட்டும். பச்சை பூத்த பின், சூடான நேரத்தில் எண்ணைக் குறைத்துக் காட்டும்.

உங்களுக்கு மழைக்கு மறுநாள் காலையில் வந்து வெயிலில் மறைகிறது. நீங்கள் எண்ணைக் குறிப்பிடவில்லை. அது உள்ளதைவிட அதிகமாக வந்தால் ஈரம்தான். கனெக்டரின் ரப்பர் சீல் இருக்கிறதா என்று பாருங்கள், அடிக்கடி கழற்றி மாட்டிய கனெக்டரில் அது எங்காவது விழுந்திருக்கும். இரண்டு சென்சார் மாற்றியவருக்குச் சீல் காணாமல் போயிருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை. மேடு பள்ளத்தில் எரிவதற்குத் தனியாக ஒயரை ஆட்டிப் பாருங்கள். ஒரு காரில் இரண்டு கோளாறு இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது.

ஐ.ஏ.டி.யோடு கூலன்ட் சென்சாரும் சேர்ந்து மைனஸ் 40 காட்டினால் நேரே எர்த் ஒயருக்குப் போங்கள். பல கார்களில் இந்த இரண்டும் வேறு சிலதும் ஒரே எர்த் ஒயரைப் பங்கு போடுகின்றன. இரண்டு சென்சார் ஒரே நாளில் சாவதைவிட ஒரு ஒயர் அறுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: வணக்கம் சார். விளக்கு எதுவும் எரியவில்லை, கோடும் இல்லை. ஆனால் மைலேஜ் குறைந்துவிட்டது, காலையில் ஸ்டார்ட் ஆக இழுக்கிறது. ஐ.ஏ.டி. சென்சார் காரணமாக இருக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நானே சோதிக்க முடியுமா?

முடியும்மா, அதுவும் மல்டிமீட்டரே இல்லாமல். இரவு முழுக்க காரை நிழலில் நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து இரண்டு எண்களைப் பாருங்கள்: உள்ளே போகும் காற்றின் வெப்பம், கூலன்ட் வெப்பம். ஆறிக் கிடக்கும் காரில் இரண்டும் வெளிக்காற்றும் ஒரே வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். மூன்றும் ஐந்து டிகிரிக்குள் ஒத்துப்போனால் விட்டுவிடுங்கள். மூன்றில் ஒன்று மட்டும் தனியாக நின்றால் அதுதான் பொய் சொல்கிறது. இரண்டு சென்சாரை ஒன்றுக்கொன்று சாட்சியாக வைக்கிற இந்தச் சோதனையைத்தான் பல இசியூக்களும் தாங்களாகவே செய்து, ஒத்துப்போகாவிட்டால் பி0111 போடுகின்றன.

ஒத்துப்போனாலும் ஒரு கேள்வி பாக்கி: சூட்டிலும் சரியாகச் சொல்கிறதா? சென்சாரை அதன் இடத்திலிருந்து கழற்றி, கனெக்டர் மாட்டியபடியே, தலைமுடி உலர்த்தும் டிரையரைத் தூரத்தில் பிடித்தால் எண் தடங்கல் இல்லாமல் ஏற வேண்டும், நிறுத்தினால் இறங்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் கனெக்டரிலிருந்து கழற்றிய பிறகு ஓம் பாருங்கள், மாட்டியிருக்கும்போது பார்த்தால் இசியூவின் ரெசிஸ்டரும் சேர்ந்து வந்து குழப்பும். பரவலாக இருக்கும் ஒரு வகையில் 0 டிகிரிக்கு 5.9 கிலோ ஓம், 20-க்கு 2.5, 40-க்கு 1.2, 80-க்கு 0.32. இன்னொரு வகை 20 டிகிரிக்கே 3.5 காட்டும். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் எந்த அட்டவணை என்று பார்த்துவிட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்கள்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், உங்கள் புகாருக்கு ஐ.ஏ.டி. என் பட்டியலில் கடைசியில்தான் வரும். காற்று 0 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் அதன் அடர்த்தி 13 சதவீதம் குறையும். மாஃப் சென்சார் இல்லாமல், மேப் சென்சாரின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்குப் போடும் கார்களில் இந்த 13 சதவீதம் பெட்ரோல் அளவில் நேரடியாக விழும். மாஃப் சென்சார் உள்ள காரில் காற்றின் எடையே அளக்கப்படுகிறது. அங்கே ஐ.ஏ.டி. முக்கியமாக இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, திருத்தத்தான் பயன்படும். எதுவானாலும் ஓட ஆரம்பித்த பிறகு, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்த்து இந்தப் பிசகை ஓரளவு சரிசெய்துவிடும். காலை ஸ்டார்ட்டுக்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்பதை முடிவு செய்வதில் கூலன்ட் சென்சாருக்குத்தான் பெரிய பங்கு.

ஸ்கேனரில் ஃப்யூல் ட்ரிம் என்று இரண்டு எண் இருக்கும், இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதற்கான கணக்கு அது. நீண்டகால ட்ரிம் ப்ளஸ் 10-க்கு மேலேயோ மைனஸ் 10-க்குக் கீழேயோ நின்றால் எழுதுங்கள், எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துப் பேசலாம். அதற்கு முன் பேட்டரி, ஸ்பார்க் பிளக், டயர் காற்று இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். வீடியோவில் டயர் காற்றைப் பற்றிச் சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள், அதனால் சொல்வதில்லை.

கேள்வி: நெரிசலில் நிற்கும்போது ஐ.ஏ.டி. 62 டிகிரி காட்டுகிறது. வெளியே 35 தான். சென்சார் பழுதா?

இல்லை. நிற்கிற காரில் பானட்டுக்குள் இருக்கும் காற்று வெந்துகொண்டிருக்கிறது, சென்சார் அதை உள்ளபடி சொல்கிறது. நெரிசலை விட்டு வெளியே வந்து ஓட ஆரம்பித்ததும் பாருங்கள். சில நிமிடங்களில் வெளிவெப்பத்தைவிட ஐந்து முதல் பதினைந்து டிகிரி அதிகம் என்ற அளவுக்கு இறங்க வேண்டும். சென்சார் மேனிஃபோல்டிலேயே இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஓடியும் இறங்கவில்லை என்றால் முன்பக்கத்திலிருந்து காற்றைக் கொண்டுவரும் குழாய் கழன்று, ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள சூடான காற்றை என்ஜின் குடிக்கிறதா என்று பாருங்கள். மிக மெதுவாக இறங்கினால் சென்சாரின் மேல் எண்ணெய்ப் படலம் படிந்திருக்கும்.

கேள்வி: அப்படிப் படிந்தால் பெட்ரோலில் கழுவலாமா?

கூடாது. கார்புரேட்டர் கிளீனரும் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். மாஃப் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயைத் தூரத்தில் பிடித்து அடித்து, தானாகக் காய விடுங்கள். துணி, பிரஷ், காதுக்குச்சி எதுவும் உள்ளே போகக் கூடாது. மாஃப்போடு சேர்ந்திருக்கும் சென்சாரானால் பக்கத்திலேயே முடி போன்ற சூட்டுக் கம்பி இருக்கிறது, அது போனால் மொத்தமும் போச்சு. எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டர் போட்டிருந்தால், அளவுக்கு மேல் தடவியிருக்கிறீர்களா என்றும் யோசியுங்கள்.

கேள்வி: அண்ணே, இன்டர்நெட்டில் ஒரு 'பவர் சிப்' விற்கிறார்கள். ஐ.ஏ.டி. சென்சாரின் கனெக்டரில் மாட்டினால் பிக்கப் கூடுமாம். வாங்கலாமா?

தம்பி, அப்படி ஒன்றை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். பளபளவென்று அலுமினியப் பெட்டி, மேலே மின்னல் படம். அறுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு ரெசிஸ்டர், மீதி இடத்தை நிரப்பப் பசை. அதன் வேலை சென்சாரைப் பிடுங்கிவிட்டு, 'வெளியே கடும் குளிர்' என்று இசியூவிடம் நிரந்தரமாகப் பொய் சொல்வது. 6 கிலோ ஓம் வைத்தால் 0 டிகிரி என்று நம்பிவிடும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது 0 என்று நம்பினால், மேப் சென்சார் கணக்குப்படி ஓடும் கார் 13 சதவீதம் அளவுக்கு அதிகப் பெட்ரோல் ஊற்றப் பார்க்கும். நிதானமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் அதைப் பிடித்துக் குறைத்துவிடும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது பல கார்களில் இசியூ ஆக்சிஜன் சென்சாரைப் பின்பற்றாது, அப்போது பெட்ரோல் வீண். அதைவிட மோசம் டைமிங். காற்று சூடாக இருந்தால் நாக்கிங், அதாவது பெட்ரோல் சிலிண்டருக்குள் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது, வராமலிருக்க இசியூ டைமிங்கைப் பின்னால் தள்ளும். அந்தப் பாதுகாப்பைத்தான் இந்த மின்னல் பெட்டி பிடுங்கிப் போடுகிறது. ஒரு ரெசிஸ்டருக்கு இவ்வளவு அலங்காரம்.

கேள்வி: என்னுடையது டர்போ டீசல். ஸ்கேனரில் இரண்டு காற்று வெப்பம் வருகிறது, ஒன்று 38, இன்னொன்று 71. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். முதலாவது டர்போவுக்கு முன்னால், இரண்டாவது இன்டர்கூலருக்குப் பின்னால். டர்போ காற்றை அழுத்தும்போது அது 100 டிகிரியைத் தாண்டும், இன்டர்கூலர் அதை இறக்கித் தர வேண்டும். ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது 71 வந்தால் கவலையில்லை. சமதளத்தில் சீராக ஓடும்போதும் அப்படியே நின்றால், இன்டர்கூலரின் முகத்தில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சில என்ஜின்களில் அந்தச் சென்சார், எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்கு அனுப்பும் இஜிஆர் வால்வுக்கு அப்பால் இருக்கும். அங்கே வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் எரிந்த புகையின் சூடும் சேர்ந்து காட்டும். காலையில் ஆறிய காரில் இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா என்பதுதான் இங்கேயும் முதல் சோதனை. பி0095 முதல் பி0099 வரை கோடு வந்தால் இரண்டாவது சென்சாரின் சர்க்யூட்டைத் தேடுங்கள், முதலாவதைக் கழற்றி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி: கோடு இருக்கிறபடியே ஓட்டலாமா? பேட்டரியைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடுகிறது, அது போதாதா?

ஓட்டலாம். கோடு விழுந்ததும் பெரும்பாலான இசியூக்கள் சென்சாரை நம்புவதை நிறுத்திவிட்டு, தாங்களே ஒரு வெப்பத்தை வைத்துக்கொள்ளும். சில கார்களில் அந்த மாற்று எண்ணையே ஸ்கேனர் காட்டும், அதனால் 'எண் ஒழுங்காகத்தானே இருக்கிறது' என்று ஏமாறாதீர்கள். கனெக்டரைக் கழற்றியும் எண் மாறவில்லை என்றால் அது மாற்று எண். கரும்புகை வந்தாலோ, மிதிக்கும்போது என்ஜினில் கலகலவென்று நாக்கிங் சத்தம் கேட்டாலோ தள்ளிப்போட வேண்டாம். அளவுக்கு மேல் ஊற்றிய பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத்தான் முதலில் எரிக்கும்.

பேட்டரியைக் கழற்றுவதை நிறுத்துங்கள். கோடு விழுந்த அந்த நொடியில் என்ஜின் எந்த வேகத்தில் இருந்தது, கூலன்ட் எவ்வளவு சூடு, கார் ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா என்று இசியூ ஒரு பதிவு எடுத்து வைத்திருக்கும். ஸ்கேனரில் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று இருக்கும். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு அதைவிட நல்ல துப்பு கிடைக்காது, நீங்கள் ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்து அழித்துக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த முறை விளக்கு எரிந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, எந்த வகை கனெக்டர், எத்தனை பின் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.